தூரத்து சர்வரில் ஃபைல் ஷேர் தவழ்வது ஏன், சரிசெய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

சென்னையில் 100 மெகாபிட் இணைப்பு. ஸ்பீட் டெஸ்ட் 95 காட்டுகிறது. ஆனால் விபிஎன் (இணையத்தின் வழியே அலுவலகத்துக்குப் போகும் பாதுகாப்பான தனிக் குழாய்) போட்டு, அமெரிக்காவில் இருக்கும் அலுவலக சர்வரின் ஷேர் ஃபோல்டரைத் திறந்தால் எக்ஸ்ப்ளோரரின் மேல்பட்டியில் பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு எக்செல் ஃபைல் திறக்க அரை நிமிடம் ஆகிறது, சேமிக்க அதைவிட அதிகம். பிளானை 300 மெகாபிட்டுக்கு மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. அதே அரை நிமிடம்தான்.

பிளானை மாற்றிப் பயனில்லை, ஏனென்றால் தட்டுப்பாடு பேண்ட்வித்தில் இல்லை. விண்டோஸ் ஃபைல் ஷேரிங்குக்கு அடிப்படையான எஸ்எம்பி, கேட்டுக் கேட்டுப் பதில் வாங்கும் நெறிமுறை. ஃபைலைத் திற, விவரம் சொல், இந்தப் பகுதியைக் கொடு, மூடு: ஒவ்வொன்றும் தனிக் கேள்வி. பல இடங்களில் முதல் கேள்விக்குப் பதில் வந்த பிறகுதான் அடுத்ததைக் கேட்க முடியும். தெருமுனை மளிகைக் கடைக்குப் பட்டியலோடு ஒரே நடையில் போய்வரலாம். உப்புக்கு ஒரு நடை, புளிக்கு ஒரு நடை என்றும் போகலாம். இரண்டாவது ரகத்துக்குத் தெருவை அகலமாக்கி என்ன பயன்? நடையைத்தான் குறைக்க வேண்டும்.

கணக்கு

கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடும். அதாவது 1,000 கிலோமீட்டர் போய்வர 10 மில்லிநொடி. சென்னையிலிருந்து அமெரிக்கக் கிழக்குக் கரை நேர்கோட்டில் 13,000 கிலோமீட்டருக்கு மேல். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, நடுவே ரவுட்டர்களும் உண்டு. ஆகவே போய்வரும் நேரம் 200 முதல் 250 மில்லிநொடி வரை இருப்பது இயல்பு. சிங்கப்பூருக்கு 30, 40 மில்லிநொடியில் முடிந்துவிடும். அலுவலகத்துக்குள்ளேயே ஓடும் நெட்வொர்க்கான லேனில் 1 மில்லிநொடிகூட ஆகாது.

இப்போது 1,000 சிறிய ஃபைல்கள், மொத்தம் 20 மெகாபைட், சர்வரிலிருந்து காப்பி செய்கிறீர்கள் என்று வையுங்கள். திறப்பது, பண்புகளைக் கேட்பது, படிப்பது, மூடுவது என்று ஃபைல் ஒன்றுக்கு 8 நடை (ஒரு கேள்வியும் பதிலும் ஒரு நடை) வைத்துக்கொள்வோம். 1,000 × 8 × 0.2 நொடி = 1,600 நொடி, ஏறக்குறைய 27 நிமிடம். அதே 20 மெகாபைட்டை ஒரே ஃபைலாக 100 மெகாபிட் லைனில் அனுப்ப 1.6 நொடி போதும். லேனில் அந்த 8,000 நடையும் சில நொடிகளில் முடிந்துவிடுவதால்தான் இது யார் கண்ணிலும் படுவதில்லை.

கீழே வரும் ஒவ்வொரு படியும் மூன்றில் ஒன்றைச் செய்கிறது: நடைக்கு ஆகும் நேரத்தைக் குறைக்கிறது, நடைகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறது, அல்லது ஒரு நடையில் போகும் சுமையைக் கூட்டுகிறது.

படி 1: முதலில் அளந்து பாருங்கள்

எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன் நான்கு அளவுகள் வேண்டும். இவை இல்லாமல் மாற்றங்களைச் செய்தால் எது உதவியது என்றே தெரியாமல் போகும்.

1. விபிஎன் இணைப்பில் இருக்கும்போது சர்வரின் உள் ஐபி முகவரிக்கு 100 முறை பிங் செய்யுங்கள், அதாவது ஒரு சின்ன பாக்கெட் (தரவுப் பொட்டலம்) போய்வரும் நேரத்தை அளவிடுங்கள். சராசரி, அதிகபட்சம், இழப்பு (வழியில் தொலைந்த பாக்கெட்டுகள்) மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சராசரி 210, அதிகபட்சம் 230 என்றால் பாதை சீரானது. அதிகபட்சம் 800-ஐத் தொட்டால் வைஃபையிலோ நிரம்பி வழியும் லைனிலோ கோளாறு. கம்பி இணைப்பில் ஒருமுறை அளந்தாலே எது என்று தெரிந்துவிடும்.

2. சர்வர் பக்கம் ஒரு கணினியில் லைன் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 கருவியை ஓடவிட்டு, இங்கிருந்து ஒற்றை இழையில் (ஒரே இணைப்பில்) ஒரு முறை, 8 இழைகளில் ஒரு முறை, இரு திசையிலும் அளவிடுங்கள். ஒற்றை இழையில் 6 மெகாபிட், எட்டில் 45 என்று வந்தால் லைனில் இடம் இருக்கிறது, ஆனால் ஒரு டிசிபி (தொலைந்ததை மறுபடி அனுப்பி, தரவு முழுதாகச் சேர்வதை உறுதிசெய்யும் முறை) இணைப்பால் அதை நிரப்ப முடியவில்லை என்று பொருள். படி 4 உங்களுக்கானது.

3. ஷேரிலிருந்து 500 மெகாபைட் கொண்ட ஒரே ஃபைலை காப்பி செய்து நேரம் பாருங்கள். ஐபெர்ஃப் ஒற்றை இழைக்கு அருகே வந்தால் எஸ்எம்பி-யின் பெரிய ஃபைல் பாதை நலமாக இருக்கிறது.

4. 1,000 சிறு ஃபைல்கள் உள்ள ஃபோல்டர் ஒன்றை காப்பி செய்யுங்கள். பெரிய ஃபைல் வேகமாகவும் இது மட்டும் ஆமை வேகத்திலும் போனால் பிரச்சினை முழுக்க நடைகளின் எண்ணிக்கைதான். படி 5 முதல் 8 வரை பார்க்க வேண்டும்.

பெரும்பாலான அலுவலகங்களில் இரண்டு நோயும் சேர்ந்தே இருக்கும். முதலில் பாதையைச் சரிசெய்துவிட்டுப் பிறகு நடைகளைக் குறைப்பதுதான் சரியான வரிசை.

படி 2: எஸ்எம்பி பதிப்பு

பவர்ஷெல்லை அட்மினாகத் திறந்து, ஷேர் இணைந்திருக்கும்போதே கெட்-எஸ்எம்பிகனெக்ஷன் கமாண்டைக் கொடுங்கள். டயலெக்ட் என்ற பத்தியில் 3.1.1 என்று வர வேண்டும். விண்டோஸ் 10, சர்வர் 2016 முதல் வந்தவை அனைத்தும் இதைப் பேசும். 2.1-க்குக் கீழே எதைக் கண்டாலும் அங்கேயே நின்று அதைச் சரிசெய்யுங்கள், மற்றவை அப்புறம்.

காரணம் பதிப்புகளின் வரலாற்றில் இருக்கிறது. எஸ்எம்பி 1 லேனுக்காகவே எழுதப்பட்டது. அதில் நூற்றுக்கு மேற்பட்ட கட்டளைகள் உண்டு, ஒரு படிப்புக்கு ஏறக்குறைய 64 கிலோபைட்தான் உச்சம். 200 மில்லிநொடிப் பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக 64 கிலோபைட் கேட்டால் நொடிக்கு 320 கிலோபைட், அதற்கு மேல் ஒரு சொட்டும் வராது. விஸ்டாவோடு வந்த எஸ்எம்பி 2 கட்டளைகளை 19 ஆகச் சுருக்கியது. பல கேள்விகளை ஒரே பொட்டலத்தில் கோர்க்கவும், பதிலுக்குக் காத்திராமல் அடுத்தடுத்து அனுப்பவும் வழி செய்தது. விண்டோஸ் 7-இன் 2.1-இல் ஒரே கேள்வியில் 1 மெகாபைட் வரை கேட்கும் வசதியும், திறந்த ஃபைலைக் கிளையண்ட் (உங்கள் கணினி) தன்னிடமே கேஷ் செய்துகொள்ள (தற்காலிக நகல் வைத்துக்கொள்ள) உதவும் லீஸ் வசதியும் வந்தன. ஃபோல்டர் பட்டியலுக்கும் லீஸ் கிடைத்தது விண்டோஸ் 8-இன் 3.0-இல்.

பழைய நாஸ் பெட்டிகளில் (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புச் சாதனங்கள்) எஸ்எம்பி செட்டிங் பக்கத்தில் அதிகபட்சப் பதிப்பு 1 அல்லது 2 என்று நின்றிருப்பதை அடிக்கடி பார்க்கலாம். அதை 3-க்கு ஏற்றுங்கள், குறைந்தபட்சத்தை 2-இல் வையுங்கள். பழைய ஸ்கேனர் ஒன்றுக்காக எஸ்எம்பி 1-ஐத் திறந்து வைத்திருந்தால், ஸ்கேனரை மாற்றுவதே மேல். 2017 மே மாதம் வன்னாக்ரை பரவியது இந்தப் பழைய பதிப்பின் ஓட்டை வழியாகத்தான்.

படி 3: விபிஎன் குழாய்

பாதை எங்கே சுற்றுகிறது என்று முதலில் பாருங்கள். கோயம்புத்தூரில் இருப்பவர் சிங்கப்பூர் சர்வருக்குப் போக, விபிஎன் கேட்வே, அதாவது குழாயின் மறுமுனை, லண்டனில் இருந்தால் பாக்கெட் லண்டன் போய்த் திரும்பி சிங்கப்பூர் போகும். 40 மில்லிநொடியில் முடிய வேண்டியது 300-ஐத் தாண்டும். பாக்கெட் கடக்கும் இடங்களைப் பட்டியலிடும் ட்ரேஸ்ரூட் எடுத்தால் இது தெரிந்துவிடும். சர்வர் இருக்கும் ஊரிலேயே ஒரு கேட்வே வைப்பது, இந்த வழிகாட்டியில் உள்ள மற்ற எல்லா செட்டிங்குகளையும் விடப் பெரிய பலன் தரும்.

அடுத்து, விபிஎன் யுடிபி-யில் (சேர்ந்ததா என்று உறுதி கேட்காமல் அனுப்பும் முறை) ஓடுகிறதா, டிசிபி-யில் ஓடுகிறதா? ஃபயர்வாலைத் தாண்டுவதற்காக ஓபன்விபிஎன்னை டிசிபி 443 போர்ட்டில் ஓடவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. எஸ்எம்பி ஏற்கெனவே டிசிபி. அதை இன்னொரு டிசிபி-க்குள் வைத்தால், ஒரு பாக்கெட் தொலைந்தாலும் வெளி டிசிபி அதை மறுபடி அனுப்பும்வரை உள்ளே எல்லாம் நிற்கும்; அந்தத் தாமதத்தைப் பார்த்து உள் டிசிபி-யும் மறுபடி அனுப்பத் தொடங்கும். லேசான இழப்பில்கூட வேகம் சரிந்துவிடும். ஓபன்விபிஎன்னை யுடிபி-க்கு மாற்றுங்கள், அல்லது வயர்கார்டுக்குப் போங்கள். வயர்கார்டு யுடிபி மட்டுமே பேசும். 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 5.6 முதல் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது.

மூன்றாவது எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. பாதாள அறைபோல ஒளிந்திருக்கும் கோளாறு இது, ஆனால் அடையாளம் தெளிவானது: ஃபோல்டர் பட்டியல் வருகிறது, சின்ன நோட்பேட் ஃபைல் திறக்கிறது, பெரிய ஃபைல் மட்டும் 0 சதவீதத்தில் உறைந்து நிற்கிறது. சின்ன பாக்கெட்டுகள் கடந்துபோகின்றன. முழு அளவு பாக்கெட்டுகள் குழாய்க்குள் நுழைய முடியாமல் சத்தமின்றித் தொலைகின்றன. சோதிக்க, விண்டோஸ் பிங்கில் துண்டாக்காதே என்ற எஃப் சுவிட்சோடு அளவை 1,392 என்று கொடுங்கள். அத்துடன் 28 பைட் தலைப்பு சேர்ந்து 1,420 ஆகும். பதில் வராவிட்டால் பத்துப் பத்தாகக் குறைத்து, பதில் வரும் உச்ச அளவைக் கண்டுபிடியுங்கள். அதனுடன் 28 கூட்டினால் உங்கள் எம்டியு.

வயர்கார்டின் வழக்கமான எம்டியு 1,420. வீட்டு இணைப்பு பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் வகை) என்றால் லைனிலேயே 1,492 தான் இருக்கும். அப்போது 1,412 வையுங்கள். கேட்வேயில், டிசிபி பாக்கெட்டுகளை எம்டியு-வுக்குள் அடக்கும் எம்எஸ்எஸ் கிளாம்ப்பிங்கையும் போட்டுவிட்டால், ஒவ்வொரு லேப்டாப்பாகப் போய் மாற்ற வேண்டிய வேலை மிச்சம்.

இன்னொன்று. ஒரு பெரிய ஃபைல் அப்லோட் ஆகிக்கொண்டிருக்கும்போதே பிங் ஓடவிடுங்கள். 200-இல் இருந்த எண் 700-க்கு ஏறினால் உங்கள் ரவுட்டரின் வரிசை வீங்கிவிட்டது. ஒருவர் அப்லோட் செய்ய, அந்த அலுவலகம் முழுவதும் ஃபோல்டர் திறக்க முடியாமல் தவிப்பது இதனால்தான். ரவுட்டரில் இந்த வரிசையைக் கட்டுப்படுத்தும் எஸ்க்யூஎம் வசதி இருந்தால் இயக்கி, அளவைப் பிளான் வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்துக்கு வையுங்கள். வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறீர்கள், ஆனால் நடைக்கு ஆகும் நேரம் கட்டுக்குள் நிற்கும்.

படி 4: டிசிபி விண்டோவும் பாக்கெட் இழப்பும்

100 மெகாபிட் லைனை 200 மில்லிநொடிப் பாதையில் நிரப்ப வேண்டுமானால் எந்த நேரத்திலும் 2.5 மெகாபைட் தரவு வழியில் பயணித்துக்கொண்டிருக்க வேண்டும். பதில் வருவதற்குள் அனுப்பக்கூடிய அளவுக்குப் பெயர் விண்டோ. அது 64 கிலோபைட்டில் நின்றுவிட்டால் 2.6 மெகாபிட்தான் கிடைக்கும், லைன் 1 ஜிகாபிட்டாகவே இருந்தாலும்.

விண்டோஸ் இதைத் தானே பார்த்துக்கொள்ளும், யாரும் கெடுத்து வைக்காதவரை. நெட்எஸ்எச் கருவியில் டிசிபி குளோபல் செட்டிங்குகளைக் காட்டச் சொல்லி, ரிசீவ் விண்டோ ஆட்டோ டியூனிங் லெவல் நார்மல் என்று இருக்கிறதா பாருங்கள். இணைய வேகத்தைக் கூட்டுவதாகச் சொல்லும் பழைய குறிப்புகள் இதை டிஸேபிள் செய்யச் சொல்லும். தூரத்து சர்வருக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. டிஸேபிள் என்று இருந்தால் நார்மலுக்குத் திருப்புங்கள்.

லினக்ஸில் எஸ்எம்பி ஷேர் தரும் சாம்பா சர்வரில் இதே தவறு வேறு வேடத்தில் இருக்கும். சாம்பா கான்ஃபிக் ஃபைலில் சாக்கெட் ஆப்ஷன்ஸ் வரியைத் தேடுங்கள். அதில் எஸ்ஓ ஆர்சிவிபஃப், எஸ்ஓ எஸ்என்டிபஃப் என்று ஆரம்பித்து 8192 அல்லது 65536 போன்ற எண்கள் இருந்தால் இரண்டையும் நீக்குங்கள். அந்த எண்ணைக் கொடுத்த கணமே கெர்னல் தானாக பஃபரை வளர்ப்பதை நிறுத்திவிடும். டிசிபி நோடிலே (சின்ன பாக்கெட்டையும் தாமதிக்காமல் அனுப்பும் ஆப்ஷன்) மட்டும் போதும். சாம்பாவின் இயல்பு மதிப்பும் அதுவே. லேனில் பத்து வருடமாக ஒரு குறையும் இல்லாமல் ஓடிய சர்வர், வீட்டிலிருந்து வேலை என்று வந்ததும் முடங்குவதற்கு இந்த ஒற்றை வரி போதும்.

இழப்பைப் பொறுத்தவரை, தூரம் கூடக்கூட அதன் கடுமையும் கூடும். ரினோ என்ற பழைய நெரிசல் கட்டுப்பாட்டு முறைக்கான சூத்திரத்தின்படி, 200 மில்லிநொடிப் பாதையில் 0.1 சதவீத இழப்பு இருந்தாலே ஒரு இணைப்பு சுமார் 2 மெகாபிட்டில் நின்றுவிடும். ஆயிரத்தில் ஒரே ஒரு பாக்கெட்! இன்றைய லினக்ஸும் விண்டோஸும் பயன்படுத்தும் க்யூபிக் இதைவிடத் தேவலாம், ஆனால் அதுவும் இழப்பைக் கண்டால் பின்வாங்கும். சர்வர் லினக்ஸ் என்றால் பிபிஆர் முறைக்கு மாற்றிப் பாருங்கள்; கெர்னல் 4.9 முதல் அது உள்ளது. கவனிக்க வேண்டியது: நெரிசல் கட்டுப்பாடு அனுப்புகிறவர் கையில். சர்வரில் பிபிஆர் போட்டால் நீங்கள் டவுன்லோட் செய்வதுதான் வேகமாகும், அப்லோட் அல்ல.

படி 5: விண்டோஸ் கிளையண்ட் செட்டிங்குகள்

பவர்ஷெல்லில் செட்-எஸ்எம்பிகிளையண்ட்கான்ஃபிகரேஷன் கமாண்ட் வழியாக இவற்றை மாற்றலாம். மாற்றும் முன் கெட் வடிவத்தை ஓட்டி, இப்போதுள்ள மதிப்புகளை ஒரு ஃபைலில் சேமித்து வையுங்கள்.

எனேபிள்பேண்ட்வித்த்ராட்லிங்: இதை ஃபால்ஸ் ஆக்குங்கள். லேட்டன்சி (போய்வரும் நேரம்) அதிகமுள்ள இணைப்புகளில் டைம்அவுட் ஆகாமல் இருக்க விண்டோஸ் தானாகவே வேகத்தை மட்டுப்படுத்தும். நமக்கு அது வேண்டாம்.

எனேபிள்லார்ஜ்எம்டியு: ட்ரூ என்றே இருக்க வேண்டும். ஃபால்ஸ் ஆனால் ஒவ்வொரு கேள்வியும் 64 கிலோபைட்டுக்குச் சுருங்கும். பெயரில் எம்டியு இருந்தாலும் படி 3-இல் பார்த்த எம்டியு-வுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

டைரக்டரிகேஷ்என்ட்ரிசைஸ்மேக்ஸ்: இயல்பாக 64 கிலோபைட். பட்டியலில் ஒரு ஃபைலுக்கு 150 பைட் போல ஆவதால், நானூறுக்குச் சற்று மேற்பட்ட ஃபைல்கள் உள்ள ஃபோல்டர் இந்தக் கேஷில் அடங்காது. திரும்பத் திரும்ப முழுப் பட்டியலும் கடல் தாண்டி வரும். 1048576, அதாவது 1 மெகாபைட், கொடுங்கள். கூடவே டைரக்டரிகேஷ்என்ட்ரிஸ்மேக்ஸ் 16-இலிருந்து 4096-க்கும், ஃபைல்இன்ஃபோகேஷ்என்ட்ரிஸ்மேக்ஸ் 64-இலிருந்து 32768-க்கும், ஃபைல்நாட்ஃபவுண்ட்கேஷ்என்ட்ரிஸ்மேக்ஸ் 128-இலிருந்து 32768-க்கும் ஏறட்டும். கொஞ்சம் மெமரி போகும், அவ்வளவுதான்.

கேஷ் எவ்வளவு நேரம் செல்லும் என்பதைக் குறிக்கும் லைஃப்டைம் மதிப்புகள் வேறு கதை. டைரக்டரி, ஃபைல் இன்ஃபோ இரண்டும் 10 நொடி, ஃபைல் நாட் ஃபவுண்ட் 5 நொடி. முதல் இரண்டையும் 30 அல்லது 60 ஆக்கினால் ஒரே ஃபோல்டருக்குள் முன்னும் பின்னும் போவது நன்றாக வேகமாகும். ஆனால் நியூயார்க்கில் ஒருவர் இப்போது வைத்த ஃபைல் உங்களுக்கு அந்த 60 நொடியும் தெரியாமல் போகலாம். பலர் ஒரே ஃபோல்டரில் மாற்றி மாற்றி வேலை செய்கிற இடம் என்றால் 10-இலேயே விடுங்கள். ஃபைல் நாட் ஃபவுண்ட் மதிப்பைக் கூட்டாதீர்கள். ஃபைல் வந்த பிறகும் இல்லை என்று மென்பொருள் அடம்பிடித்தால் காரணத்தைத் தேடியே ஒருநாள் போய்விடும்.

எஸ்எம்பி-யின் கையொப்பத்தையும் (செய்தி வழியில் மாற்றப்படவில்லை என்ற சான்று) என்கிரிப்ஷனையும் அணைத்தால் வேகம் வரும் என்ற யோசனை அடிக்கடி சொல்லப்படுகிறது. அவை சிபியு-வைத்தான் தின்னும், நடைகளைக் கூட்டாது. 100 மெகாபிட் அளவில் இன்றைய பிராசஸருக்கு அது ஒரு சுமையே அல்ல. விண்டோஸ் 11 24எச்2-வின் ப்ரோ, என்டர்பிரைஸ் பதிப்புகளில் கையொப்பம் இயல்பாகவே கட்டாயம். அதை அணைத்துக் கிடைப்பது ஒன்றுமில்லை, இழப்பது பாதுகாப்பு.

லினக்ஸிலிருந்து மவுண்ட் செய்பவர்களுக்கு ஒரே குறிப்பு: சிஃப்ஸ் (லினக்ஸின் எஸ்எம்பி கிளையண்ட்) மவுண்ட் ஆப்ஷன்களில், ஃபைல் பண்புகளைக் கேஷில் வைக்கும் நேரமான ஆக்டிமியோ இயல்பாக 1 நொடி. 30 கொடுத்தால் லிஸ்ட் எடுப்பது உடனே மாறும். மேலே சொன்ன பழைய தகவல் அபாயம் இதற்கும் உண்டு. மேக் என்றால், நெட்வொர்க் டிரைவ்களில் ஃபோல்டர் பார்வை விவரங்களுக்கான டிஎஸ் ஸ்டோர் ஃபைல் எழுதுவதை நிறுத்துங்கள்.

படி 6: கேட்காமலே நடை போகிறவர்கள்

ஒரு ஃபோல்டரைத் திறக்க நீங்கள் சொன்னது ஒரு கிளிக். எக்ஸ்ப்ளோரர் போவது நூறு நடை. படங்கள் உள்ள ஃபோல்டரில் தம்ப்நெயில் தயாரிக்க ஒவ்வொரு ஃபைலையும் திறந்து படிக்கும். டேட் டேக்கன், லெங்த் போன்ற பத்திகள் காட்ட வேண்டுமானால் ஃபைலுக்குள் நுழைந்துதான் ஆக வேண்டும்.

நெட்வொர்க் ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் கஸ்டமைஸ் பக்கத்துக்குப் போய், ஜெனரல் ஐட்டம்ஸ் என்று வைத்து உள் ஃபோல்டர்களுக்கும் பொருத்துங்கள். குரூப் பாலிசியில் நெட்வொர்க் ஃபோல்டர்களில் தம்ப்நெயில் காட்டாமல் ஐகான் மட்டும் காட்டும் பாலிசியும், தம்ப்ஸ் டிபி ஃபைலை உருவாக்காமல் தடுக்கும் பாலிசியும் இருக்கின்றன, இரண்டையும் இயக்குங்கள். பார்வையை லிஸ்ட் அல்லது டீட்டெய்ல்ஸில் வைத்து, பெயர், தேதி, அளவு மூன்று பத்திகளோடு நிறுத்துங்கள். ப்ரிவ்யூ பேனை மூடுங்கள்.

ஆன்டிவைரஸ் இன்னொரு பெரிய செலவாளி. நெட்வொர்க் ஃபைல்களையும் ஸ்கேன் செய்யும் செட்டிங் இயங்கினால், 50 மெகாபைட் ஃபைலின் பண்பைப் பார்க்க நினைத்தாலும் முழு ஃபைலும் இறங்கக்கூடும். சர்வரிலேயே ஸ்கேன் நடக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, கிளையண்ட் பக்கம் நெட்வொர்க் ஸ்கேனை நிறுத்துங்கள். சர்வரில் ஸ்கேன் இல்லையென்றால் இதைத் தொடாதீர்கள்.

எந்த ஃபோல்டரைத் திறந்தாலும் முதலில் 20, 30 நொடி உறைந்து பிறகு ஓடினால், அது லேட்டன்சி அல்ல. எப்போதோ அணைந்துபோன சர்வருக்கு மேப் செய்த டிரைவ், க்விக் ஆக்சஸில் பின் செய்த பழைய பாதை, தேடிக் கிடைக்காத பெயர்: மூன்றில் ஒன்று. பழைய மேப்பிங்குகளை நீக்கி, சர்வரை முழு டிஎன்எஸ் பெயரால் அழையுங்கள்.

படி 7: காப்பி செய்யும் முறை

சிறு ஃபைல்கள் ஏராளம் என்றால் ஜிப் செய்து கொண்டுவாருங்கள். ஆனால் ஜிப் சர்வரிலேயே நடக்க வேண்டும். இங்கிருந்தபடி நெட்வொர்க் டிரைவில் வலது கிளிக் செய்து ஜிப் ஆக்கினால், ஒவ்வொரு ஃபைலும் இங்கே வந்து சுருங்கி, ஜிப்பாக மறுபடி அங்கே போகும். நேரம் இரட்டிப்புதான் ஆகும். ரிமோட் டெஸ்க்டாப்பிலோ எஸ்எஸ்எச்சிலோ (கமாண்ட் வழியாகத் தொலைவிலிருந்து லாகின் செய்யும் முறை) உள்ளே போய் அங்கே ஜிப் செய்து, ஒரே ஃபைலாக இறக்கி, இங்கே லோக்கல் டிஸ்க்கில் விரியுங்கள்.

ஜிப் முடியாத இடத்தில் விண்டோஸோடு வரும் காப்பி கருவியான ரோபோகாப்பி. எம்டி சுவிட்ச் ஒரே நேரத்தில் எத்தனை ஃபைல் என்பதைச் சொல்லும். இயல்பாக 8, உச்சம் 128. 32 வைத்தால் மேலே பார்த்த 27 நிமிடக் காப்பி, கணக்குப்படி ஒரு நிமிடத்துக்குள் வரும். நடைமுறையில் இரண்டு மூன்று நிமிடம் ஆகலாம். நடைகள் குறையவில்லை, 32 பேர் ஒரே நேரத்தில் நடக்கிறார்கள். ஒரே பெரிய ஃபைலுக்கு எம்டி-யால் பயனில்லை. அதற்கு ஜே சுவிட்ச் போடுங்கள். இசட் சுவிட்ச் விட்ட இடத்திலிருந்து தொடரும், ஆனால் தூரப் பாதையில் வேகத்தை வெகுவாகக் குறைக்கும். அடிக்கடி அறுந்துபோகும் லைனுக்கு மட்டும் அதை வையுங்கள். ஆர் (எத்தனை முயற்சி), டபிள்யூ (நடுவே எத்தனை நொடி காத்திருப்பது) இரண்டையும் கட்டாயம் கொடுங்கள், உதாரணமாக 3, 5. இயல்பில் ரோபோகாப்பி ஒரு ஃபைலுக்கு பத்து லட்சம் முறை, ஒவ்வொன்றுக்கும் 30 நொடி காத்திருந்து முயலும். பூட்டிய ஒரு ஃபைலில் ராத்திரி முழுக்க நின்றுவிடும்.

தினமும் மாறும் ஃபோல்டருக்கு எஸ்எஸ்எச் வழியாக ஆர்சிங்க் என்ற ஒத்திசைவுக் கருவி சிறந்தது. இரு முனையிலும் அது ஓடுவதால் ஃபைல் பட்டியலை மொத்தமாக அனுப்பி, மாறிய பகுதியை மட்டும் கொண்டுவரும். மவுண்ட் செய்த எஸ்எம்பி ஷேர்மீது ஆர்சிங்க் ஓட்டினால் அந்த நன்மை முழுவதும் போய்விடும். அப்போது இரண்டு முனையும் அதற்கு உள்ளூர்தான், மாறிய ஃபைலை முழுசாக இழுக்கும்.

ஒரே ஷேருக்குள் ஃபைலை நகர்த்துவது பெயர் மாற்றம் மட்டும், உடனே முடியும். இரண்டு டிரைவ் எழுத்துகளுக்கு நடுவே நகர்த்தினால் அது காப்பியும் அழிப்பும். அத்தகைய வேலைகளை சர்வருக்குள் போய்ச் செய்யுங்கள்.

படி 8: எஸ்எம்பி-யில் ஓடவே கூடாதவை

சில வேலைகளை எந்த செட்டிங்காலும் காப்பாற்ற முடியாது. ஒரு மென்பொருள் 4 கிலோபைட் எழுதி, டிஸ்க்கில் இறங்கியதா என்று உறுதி கேட்டு, பிறகு அடுத்த 4 கிலோபைட் எழுதுகிறது என்றால் நொடிக்கு 20 கிலோபைட்தான். 10 மெகாபைட் எழுத எட்டரை நிமிடம். ஆக்சஸ் டேட்டாபேஸ், டேட்டா ஃபோல்டரை நேரடியாகத் திறக்கும் கணக்கு மென்பொருள்கள், அவுட்லுக்கின் பிஎஸ்டி ஃபைல் எல்லாம் இந்த ரகம். மெதுவாக ஓடுவது சின்னக் குறை. எழுதும் நடுவில் விபிஎன் அறுந்தால் டேட்டா கெட்டுப்போகும், அதுதான் பெரிய ஆபத்து. பிஎஸ்டி-யை நெட்வொர்க்கில் வைத்துத் திறப்பதை மைக்ரோசாஃப்ட்டே ஆதரிப்பதில்லை.

இவற்றுக்கு மென்பொருளையே டேட்டாவின் பக்கத்தில் ஓட விடுங்கள். சர்வர் இருக்கும் அறையில் ஒரு கணினி, அதற்கு விபிஎன் வழியாக ரிமோட் டெஸ்க்டாப். திரையும் விசைகளும் மட்டும் பயணிக்கும். 200 மில்லிநொடியில் தட்டச்சு சற்றுப் பின்தங்கினாலும் வேலை நடக்கும். பல ஃபைல்களை இணைத்துத் திறக்கும் கேட் (கணினி வழி வடிவமைப்பு) வரைபடங்களுக்கும் இதுதான் வழி.

வேர்டு, எக்செல், பிடிஎஃப் போன்றவற்றை ஒரு நேரத்தில் ஒருவரே திருத்துகிறார் என்றால் ஒத்திசைவு நல்லது. நெக்ஸ்ட்கிளவுடோ சிங்திங்கோ வைத்து லோக்கல் நகலில் வேலை செய்யுங்கள். மாற்றங்கள் பின்னணியில் போகும். ஆனால் ஃபைல் பூட்டு இரு ஊருக்கும் பொதுவாக இருக்காது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தினால் முரண்பட்ட நகல்கள் உருவாகும். விண்டோஸ் சர்வர்களுக்கு இடையே ஃபோல்டரை ஒத்திசைக்கும் டிஎஃப்எஸ்-ஆர் இன்னும் கண்டிப்பு: கடைசியாக எழுதியவரின் ஃபைல் நிற்கும், மற்றது ஒதுக்கு ஃபோல்டருக்குப் போகும். யார் எந்த ஃபோல்டருக்குப் பொறுப்பு என்று முதலிலேயே பேசி முடித்துவிட்டு ஒத்திசைவைப் போடுங்கள்.

சாம்பா சர்வரில், கிளையண்ட் கேஷ் செய்ய அனுமதிக்கும் ஆப்லாக், லீஸ் ஆகியவற்றை நிறுத்தச் சொல்லும் பழைய அறிவுரை டேட்டாபேஸ் ஃபைல்களுக்காகச் சொல்லப்பட்டது. டேட்டாபேஸை வெளியே எடுத்த பிறகு அவற்றைத் திரும்ப இயக்குங்கள். லீஸ் இல்லாவிட்டால் கிளையண்ட் எதையும் கையில் வைத்துக்கொள்ள முடியாது; படி 2-இல் புதிய பதிப்புக்குப் போய்ப் பெற்ற லாபத்தில் பாதி வீண்.

எஸ்எம்பி ஓவர் க்விக்

விண்டோஸ் 11 கிளையண்டும் விண்டோஸ் சர்வர் 2025-உம் இருந்தால், விபிஎன் இல்லாமலே, யுடிபி மேல் ஓடும் க்விக் நெறிமுறையில், யுடிபி 443 வழியாக, டிஎல்எஸ் 1.3 பாதுகாப்போடு ஷேரைத் திறக்கலாம். சர்வர் 2022-இல் இது அஸூர் எடிஷனில் மட்டும் இருந்தது. சர்வருக்குக் கிளையண்ட் நம்பும் சான்றிதழ் தேவை. விபிஎன் சுற்றுப்பாதை தவிர்க்கப்படும், இழப்பு உள்ள லைனில் டிசிபி-யைவிடச் சமாளிக்கும். ஆனால் எஸ்எம்பி கேட்கும் கேள்விகளின் எண்ணிக்கை அதே எண்ணிக்கைதான், ஆகவே சிறு ஃபைல்களுக்கு இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். எஸ்எம்பி வழக்கமாகப் பயன்படுத்தும் டிசிபி 445 போர்ட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் இணையத்துக்குத் திறக்காதீர்கள்.

படி 9: எந்த நடை எதற்கு என்று எண்ணுவது

எல்லாம் செய்தும் ஒரு குறிப்பிட்ட மென்பொருள் மட்டும் இழுக்கிறதா? பாக்கெட்டுகளைப் பதிவு செய்து காட்டும் வயர்ஷார்க்கில் விபிஎன் இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுத்துப் பதிவைத் தொடங்கி, அந்த ஃபைலை ஒருமுறை திறந்து, நிறுத்துங்கள். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மெனுவில் சர்வீஸ் ரெஸ்பான்ஸ் டைம், அதற்குள் எஸ்எம்பி2. என்கிரிப்ஷன் இயங்கும் ஷேரில் உள்ளடக்கம் தெரியாது. சோதனைக்கென என்கிரிப்ஷன் இல்லாத ஷேர் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே ஒவ்வொரு கட்டளைக்கும் எண்ணிக்கையும் சராசரி நேரமும் வரும். சராசரி உங்கள் பிங்குக்கு அருகே இருந்து எண்ணிக்கை 900 என்றால், கோளாறு மென்பொருளின் நடைகளில். எண்ணிக்கை 40 தான், சராசரி 900 மில்லிநொடி என்றால் சர்வரின் டிஸ்க் திணறுகிறது அல்லது பாக்கெட் தொலைகிறது. கிரியேட் (ஃபைலைத் திறக்கும்) கட்டளைகள் குவிந்து, பெரும்பாலானவற்றுக்குப் பெயர் கிடைக்கவில்லை என்ற பதில் வந்தால், அந்த மென்பொருள் தனக்கு வேண்டிய டிஎல்எல், ஃபாண்ட், டெம்ப்ளேட் ஃபைல்களை ஷேரில் ஒவ்வொரு ஃபோல்டராகத் தேடிக்கொண்டிருக்கிறது. அதன் ஆப்ஷன்களில் டெம்ப்ளேட், தற்காலிக ஃபைல், ஆட்டோசேவ் பாதைகளை லோக்கல் டிஸ்க்குக்கு மாற்றி, அதே ஃபைலைத் திறந்து இன்னொரு பதிவு எடுத்து எண்ணிக்கையை ஒப்பிடுங்கள்.